விதானையாரின் இங்கிலீசுக் கொப்பி

நல்லரத்தினம் இங்கிலீசு படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. கையில் இருந்தவை ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு சர்க்கரை வியாதி, ஒரு வட்டை. மூன்றையும் பார்த்துக்கொள்ளவே நேரம் போதாத மனிதர் நாலாவதாக இதையும் தலையில் ஏற்றிக்கொண்டார். ஏறாவூரில் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி அட்டையில் பெயரை எழுதினார். வகுப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று சிறிது நேரம் யோசித்து, "இலுப்பைமடு" என்று எழுதினார். அது அவருடைய வட்டையின் பெயர்.

வட்டை என்றால் ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்களின் கூட்டம். இலுப்பைமடு வட்டையில் தொண்ணூற்றெட்டு ஏக்கர். எப்போது விதைப்பது, யார் முதலில் தண்ணீர் கட்டுவது, யாருடைய மாடு யாருடைய வேலிக்குள் போனது என்பதையெல்லாம் தீர்த்துவைக்க வயற்காரர்கள் கைதூக்கி ஒருவரை விதானையாகத் தெரிவு செய்வார்கள். நல்லரத்தினம் பதினேழு வருடம் விதானையாக இருந்தார். ஒரு முறையும் போட்டி வரவில்லை. அத்தனை ஏச்சை வாங்க வேறு யாரும் தயாராக இல்லை.

பிறந்தது கிரானில். படித்தது எட்டாம் வகுப்பு வரை. மட்டக்களப்பு வழக்கப்படி, கலியாணம் முடித்ததும் மனைவி வசந்தாதேவியின் வீட்டோடு வாவிக்கரைக்கு வந்தார். போர் வந்து தொண்ணூறில் ஒரு முறையும் இரண்டாயிரத்து ஏழில் ஒரு முறையும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தது. இரண்டு முறையும் அவர் முதலில் தூக்கியது மண்வெட்டியை. "முகாமில என்னத்தக் கொத்தப் போறீங்க?" என்று வசந்தாதேவி கேட்டாள். அவர் தங்கள் கூடாரத்தைச் சுற்றி வடிகான் வெட்டினார். அந்த மாரியில் நனையாமல் படுத்தது அந்த வரிசை மட்டுந்தான். அதற்குப் பிறகு மண்வெட்டியைப் பற்றி அவள் பேசவில்லை.

ஒரே மகள் வதனி. கொழும்பில் ஒரு கட்டடக் கம்பனியில் கொங்கிறீட்டின் பலம் சோதிக்கும் வேலை. "கல்லை உடைச்சுப் பார்த்திட்டு, உடைக்கிறதுக்கு முன்னால அது நல்ல கல்லெண்டு சொல்லுற உத்தியோகம்" என்று அவர் ஊருக்கு விளக்கினார். விளக்கத்தில் பெரிய பிழை இல்லை.

இலுப்பைமடுவின் கீழ்முனை, கடலோடு கலக்கும் வாவியில் முட்டுகிறது. மாரியில் வயல் தண்ணீர் வாவிக்கு வடிய வேண்டும். கோடையில் கடல் ஏறி வாவி உப்பாகும்போது அந்த உப்பு வயலுக்குள் வரக்கூடாது. இரண்டு வேலைக்குமாக வாய்க்காலின் வாயில் பலகைக் கதவு ஒன்று இருந்தது. ஒரு பெருவெள்ளம் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. மிஞ்சியவை இரண்டு கல்தூண்கள். அவற்றில் ஒன்றில் எந்நேரமும் ஒரு கொக்கு நின்றது. அதன் பிறகு மூன்று வருடமாகக் கீழ்முனை முப்பத்தெட்டு ஏக்கரிலும் கோடை விளைச்சலான சிறுபோகம் கருகியது. சித்திரையில் விதைத்தது வைகாசியில் மஞ்சளாகி, ஆனியில் மண் வெள்ளை பூத்தது. அந்த முப்பத்தெட்டு ஏக்கரை நம்பிப் பதினொரு குடும்பங்கள் இருந்தன. அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே கொழும்புக்குக் கூலிக்குப் போய்விட்டார்கள்.

சிறிய நீர்வேலைகளுக்கென்று வெளிநாட்டு உதவியில் ஒரு திட்டம் வந்தது. மூன்று வருடம் நடக்கும், வருடத்துக்கு இருபது வேலை. விண்ணப்பம் இங்கிலீசில் இருக்க வேண்டும். முதல் வருடம் நல்லரத்தினம் எல்லா விவரத்தையும் போனில் மகளுக்குச் சொன்னார். "நாளைக்கு எழுதி அனுப்புறன் அப்பா" என்றாள் வதனி. மறுநாள் ஏழாம் மாடிக்குக் கொங்கிறீட் போட்டார்கள். அதற்கு மறுநாளும் போட்டார்கள். கடைசித் தேதி போய் ஒன்பதாம் நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

வயற்காரர் கூட்டத்தில் நல்லரத்தினம், "கடிதம் தபாலில துலைஞ்சிட்டு" என்றார். பதினேழு வருடத்தில் அவர் கூட்டத்தில் சொன்ன ஒரே பொய். தபால்காரர் ஒரு மாதம் அவருடன் கதைக்கவில்லை.

அடுத்த கிழமைதான் அந்தக் கொப்பியை வாங்கினார்.

வாசிகசாலையின் பின்னறையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் நிலக்சி ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பித்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அவளுடைய தகப்பனுக்கும் கீழ்முனையில் மூன்று ஏக்கர். நல்லரத்தினம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"என்ன பெரியப்பா, அப்பாவத் தேடி வந்தீங்களா?"

"இல்ல புள்ள. நான் படிக்க வந்தனான்."

"என்னத்த?"

"இங்கிலீசு. அடியில இருந்து."

சிரிக்காமலிருக்க நிலக்சி பட்ட பாட்டை அவர் பார்த்தார். பார்க்காதது போல நின்றார்.

"பிந்தி வந்தா வெளியில நிக்க வேணும் பெரியப்பா. வீட்டு வேலை செய்யாட்டி ஏச்சு விழும்."

"ஏச்சு எனக்குப் புதிசில்ல."

"அறைக்குள்ள நான் பெரியப்பா எண்டு கூப்பிட மாட்டன். நீங்களும் புள்ள எண்டு கூப்பிடப்படாது."

"சரி டீச்சர்."

கடைசி வாங்குப் பலகையில் யன்னலோரமாக இருந்தார். அங்கிருந்து வாய்க்கால் தெரியும். யாராவது முறை தவறித் தண்ணீரைத் திருப்பினால், வினைச்சொல்லின் நடுவில் எழுந்து நின்று யன்னலால் ஒரு சத்தம் போட்டுவிட்டு இருப்பார். நிலக்சி முதலில் ஏசினாள். பிறகு அந்த இடைவேளையில் கரும்பலகையைத் துடைக்கப் பழகிக்கொண்டாள்.

வசனத்தின் முதலெழுத்து பெரிதாக வரும் என்பது அவருக்கு உடனே பிடிபட்டது. கூட்டத்திலும் தலைவர்தானே முன்னால் இருப்பார். ஆனால் "நான்" என்று பொருள்படும் அந்த ஒற்றை எழுத்து, வசனத்தின் எந்த மூலையில் நின்றாலும் பெரிதாகவே நிற்கும் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நடுவில நிண்டாலும் நான் பெரிய ஆளா? இது என்ன குணம் டீச்சர்?"

"அது அவங்கட வழக்கம். எழுதுங்க."

மரியாதைக்காக ஒரு மாதம் அதைச் சிறிதாகவே எழுதினார். சிவப்புப் பேனை ஒரு மாதம் அதைப் பெரிதாக்கியது. கடைசியில் சிவப்புப் பேனை வென்றது.

கொமாவையும் ஃபுல்ஸ்டொப்பையும் அவர் தன் பாட்டில் தீர்த்துக்கொண்டார். கொமா என்பது வக்கடை, வரம்பில் தண்ணீர் விட வெட்டும் சிறிய வாய். தண்ணீர் அதில் ஒரு கணம் தயங்கி அங்கால் போகும். ஃபுல்ஸ்டொப் வரம்பு. அதோடு நிற்கும்.

"அப்ப இந்த ஒரு வசனத்தில எதுக்கு எட்டு வக்கடை?" என்று நிலக்சி கேட்டாள்.

"வயல் நீளம் டீச்சர்."

பெயரின் பின்னால் ஒரு சிறு வாலைத் தொங்கவிட்டால் "இன்னாருடையது" என்று பொருள் வரும் என்பதைப் படித்த அன்று அவர் மிகவும் சந்தோசமாக வீட்டுக்குப் போனார். பதினேழு வருடமாக அவர் தீர்த்த சண்டைகளில் பாதி, இது யாருடையது என்பதுதான். "இந்த வாலை வரம்பில நட ஏலுமெண்டா எனக்கு வேலை அரைவாசி மிச்சம்" என்றார் வசந்தாதேவியிடம். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மீன் வாலை ஒரு முறை பார்த்தாள். வெட்டி எறிந்தாள்.

அவளுக்கு வேறு கரைச்சல் இருந்தது. நிகழ்காலம் படித்த வாரத்தில் நல்லரத்தினம் என்ன செய்தாலும் அதைச் செய்துகொண்டே இங்கிலீசில் அறிவித்தார். நடக்கும்போது நடக்கிறேன் என்றார். குளிக்கும்போது குளிக்கிறேன் என்று கிணற்றடியிலிருந்து கத்தினார்.

"இஞ்சருங்க, திண்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க. தொண்டையில சிக்கப் போகுது."

"திண்டு முடிச்சா அது இறந்தகாலம்."

"சிக்கினாலும் அதுதான்."

இன்னொருவருக்கும் இது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. ஏறாவூர் நெல் வியாபாரி கச்சி முகம்மது. நாற்பது வருடச் சிநேகம். கிழமையில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து, தேத்தண்ணி குடித்து, சண்டை பிடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். அதில் மதிப்புள்ள பெயர்களுக்கு முன்னால் எல்லாம் நல்லரத்தினம் "the" என்ற அந்த இங்கிலீசுத் "த"வைப் போட்டிருந்தார். த வசந்தாதேவி. த டீச்சர். த வாய்க்கால்.

"என்ட பேருக்கு முன்னால என்னத்துக்கு இது இல்ல, விதானையார்?"

"அது பெரிய ஆக்களுக்குப் போடுறது."

"வாய்க்காலுக்குப் போட்டிரிக்கி."

"வாய்க்கால் ஒரு நாளும் நிறையில கை வைக்கல்ல, முதலாளி."

அது ஆட்களின் பெயருக்கு முன்னால் போடுவதே இல்லை என்று நிலக்சி சொன்னபோது அவர் வசந்தாதேவியிடமிருந்தும் டீச்சரிடமிருந்தும் அதைத் திரும்ப எடுத்தார். வாய்க்காலுக்கு விட்டுவிட்டார்.

"இல்லை" படிக்கும் நாள் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

நெல்லைப் பற்றி "இல்லை" என்று சொல்லக்கூடாது. குறைவு, போதாது, முடிந்துவிட்டது, இவையும் ஆகாது. சூடடிக்கும் களத்தில் இது பழைய கட்டு. சொன்னால் நெல் கேட்டுக்கொண்டு போய்விடும். எத்தனை மூட்டை என்று யார் கேட்டாலும், பெருகட்டும் என்ற பொருளில், "பொலி" என்றுதான் பதில் வரவேண்டும். இப்போது மெசின் வந்து ஒரே பகலில் வெட்டிக் கொட்டிவிட்டுப் போகிறது. மெசின் முன்னால் இதையெல்லாம் பார்ப்பவர்கள் குறைவு. நல்லரத்தினம் பார்த்தார். மெசின்காரன் ஒருவன் கடைசி வரம்பில் நின்று, "அவ்வளவுதான் ஐயா, முடிஞ்சு" என்றதற்கு, அவனைக் கீழே இறக்கி வாய் கொப்பளிக்க வைத்தார். அவன் வாழைச்சேனைக்காரன். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். வீட்டிலும் அதே சட்டம். அரிசிப் பானையின் அடியில் கை முட்டினால் வசந்தாதேவி, "பானை உங்களத் தேடுது" என்பாள். அவர் எழுந்து கடைக்குப் போவார்.

வதனிக்குச் சிறு வயதிலிருந்தே இது சிரிப்பு.

"நெல்லுக்குக் காது எங்க கிடக்கு அப்பா?"

"உன்ட புத்தகத்தில இல்லாத இடத்தில."

நிலக்சி பத்து வசனம் கொடுத்து எதிர்மறையாக மாற்றச் சொன்னாள். ஏழாவது வசனம், பானையில் சோறு இருக்கிறது என்பது. நல்லரத்தினம் ஒன்பதைச் சரியாக மாற்றினார். ஏழாவதில் சோற்றை வெட்டிவிட்டு, பானையில் நண்டு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

"இது என்ன?"

"சோத்துக்கு என்னால ஏலா டீச்சர்."

"இது சும்மா பயிற்சிதானே."

"பயிற்சியெண்டு அதுக்குத் தெரியுமா?"

நிலக்சியும் வயற்காரன் மகள். பத்துக்கு ஒன்பதரை போட்டாள். பக்கத்தில் சிவப்பில் எழுதினாள்: நண்டுக்கு அரை.

இரண்டாம் வருட விண்ணப்பத்தை நல்லரத்தினம் தானே எழுதினார். ஒரு பக்கக் கடிதம். பதினொரு முறை எழுதிக் கிழித்தார். படிவத்தில் எட்டுப் பெட்டிகள். ஏழு பெட்டிகளை ஒரு பின்னேரத்தில் நிரப்பினார். ஆறாவது பெட்டியில் நின்றுவிட்டார். அது கேட்டது இதுதான்: பாதிக்கப்பட்ட காணியில், சிறுபோகத்தில், ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

அதில் ஒரு சைபர் போட வேண்டும். பேனையை வைத்துவிட்டுப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். திரும்பி வந்து பார்த்தார். பெட்டி அப்படியே இருந்தது. இரண்டு நாள் அவரும் பெட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அவர் "28" என்று எழுதினார். கதவு இருந்த காலத்தில் கீழ்முனை கொடுத்த விளைச்சல் அது. அவருடைய மனதுக்கு அது பொய்யில்லை. அந்த மண் கொடுக்கக்கூடியது அதுதான். கதவு வந்தால் அதைத்தான் கொடுக்கும். கடிதத்திலும் நாலு வருடக் கருகலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வட்டை எவ்வளவு நல்லது, கதவு எங்கே நின்றது, புதுக் கதவு எத்தனை அடி அகலம் வேண்டும், எல்லாம் இருந்தது.

நிலக்சி சிவப்புப் பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு கடிதத்தையும் படிவத்தையும் வாசித்தாள். பெரிய எழுத்துகள் பெரிதாக நின்றன. வக்கடைகள் அளவாக இருந்தன. வரம்புகள் உடையவில்லை. பேனைக்கு வேலையே இல்லை.

"ஒரு பிழையும் இல்ல" என்றாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடுவது போல ஒரு நட்சத்திரம் போடப் போய், விண்ணப்பமாயிற்றே என்று கையை இழுத்துக்கொண்டாள். நட்சத்திரத்தைக் கொப்பியில் போட்டுக் கொடுத்தாள்.

பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், திட்ட அலுவலகத்தில் தன் கையாலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவந்தார். தபாலை இந்த முறை இழுக்கவில்லை.

ஐப்பசியில் பதில் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அகராதியோடு இருந்தார். லைட் போடும் நேரம் வரை எழும்பவில்லை. முதல் வசனம், உங்களுடைய தெளிவான கடிதத்துக்கு நன்றி என்றது. வசந்தாதேவியைக் கூப்பிட்டு அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். பிறகு அடுத்த வசனம், அதற்கடுத்தது. தெரியாத சொல் ஆறு வந்தது. ஆறையும் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இங்கிலீசுக் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் முழுக்க வாசித்து முடித்தார். முகம் பூரித்திருந்தது.

"அப்ப என்ன சொல்லியிருக்காங்க?" என்று வசந்தாதேவி கேட்டாள்.

சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

சிறுபோகத்தில் ஏக்கருக்கு இருபத்தெட்டு மூட்டை விளையும் காணிக்கு அவசர வேலை தேவையில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் எழுதவும்.

அன்றிரவு வதனி போன் எடுத்தாள். கடிதத்தின் படத்தையும் படிவத்தின் படத்தையும் அவளுக்கு அனுப்பியிருந்தார்.

"அப்பா, நல்லா எழுதியிருக்கிறீங்க. உண்மையா. என்ட ஒஃபிசில இப்பிடி எழுத ஆள் இல்ல."

"ம்."

"ஆனா இருபத்தெட்டு எண்டு ஏன் போட்டீங்க? அங்கதானே இப்ப ஒண்டும்..."

"சொல்லாத மகள்."

"போனில சொன்னாலுமா?"

"நான் வயல் பக்கம் பார்த்து இருக்கிறன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நான் போன வருசம் எழுதியிருந்தா இந்த வில்லங்கமே இல்ல அப்பா. நான் இப்ப எழுதித் தாறன். இண்டைக்கே."

"நான் எழுதினத நான்தான் திருத்த வேணும். நீ தூங்கு."

நிலக்சி செய்தி கேட்டுத் தலையில் கைவைத்தாள். "நான் பிழைய மட்டுந்தான் பார்த்தன் பெரியப்பா. நீங்க என்ன சொல்லியிருக்கிறீங்க எண்டு பார்க்கவே இல்ல." படிப்பிக்கிறவர்களுக்கு இது சகஜம் என்று அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

ஆட்சேபக் கடிதத்தை அவர் ஐந்து நிமிடத்தில் எழுதினார். அதில் ஒரே ஒரு வசனம். தயவுசெய்து வந்து பாருங்கள். ஒரு வக்கடையும் இல்லாத வசனம். முடிவில் வரம்பு.

பொறியியலாளர் கார்த்திகையில் வந்தார். முப்பது வயதுச் சிங்களப் பெண், குருநாகல் பக்கம். தமிழ் தெரியாது. நல்லரத்தினத்தின் சிங்களம் சந்தைச் சிங்களம். நடுவில் இங்கிலீசுதான் பாலம். கச்சி முகம்மதுவும் வந்து நின்றார். நெல்லுப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அறுவடைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

வந்த காலந்தான் பிழை. மழை நாலு கிழமையாக அடித்து, மேல் உப்பைக் கழுவி, பெரும்போகம் கீழ்முனை முழுக்கப் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு வெள்ளைத் திட்டு இல்லை. அந்தப் பெண் வரம்பில் நின்று சுற்றிப் பார்த்தார். வடிவான வயல் என்றார். கோப்பைத் திறந்து, ஆறாவது பெட்டியில் பேனையை வைத்து, இந்த இருபத்தெட்டு சரியா என்று கேட்டார்.

நல்லரத்தினத்துக்குக் கேள்வி விளங்கியது. பதிலும் தெரியும். வாய் திறந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு நெல் நின்றது. வாய் மூடியது.

"சொல்லுங்க விதானையார்" என்றார் கச்சி முகம்மது, மெதுவாக.

"இஞ்சவா?"

"வேற எங்க? நுவரெலியாவிலயா? பதினொரு குடும்பம் உங்கட வாயத்தான் பார்த்துக்கொண்டிரிக்கி."

"தெரியும்."

பொறியியலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் இரண்டு இடம் போக வேண்டும் என்றார். பேனையை மூடினார்.

நல்லரத்தினம் வாவிப் பக்கம் திரும்பினார். கல்தூணில் ஒரு தோணி கட்டிக் கிடந்தது. "மேடம்," என்று தோணியைக் காட்டினார், "கம்."

அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். கதவு நின்ற இடத்தைத் தண்ணீர்ப் பக்கமிருந்து காட்டப்போகிறார் என்று நினைத்திருப்பார். கச்சி முகம்மதுவுக்கு நீந்தத் தெரியாது. அறுபத்தைந்து வருடம் வாவிக்கரையில் இருந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத மனிதர். ஆனால் விதானையாரைத் தனியே விட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று அவரும் ஏறி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் குந்தினார்.

"எவ்வளவு தூரம்?"

"காது எட்டாத தூரம்."

"யாருட காது? அல்லாட காவல், அங்கால போகாதீங்க."

கம்பை ஊன்றி ஊன்றி இருநூறு மீற்றர் தூரம் போனார். கரை பச்சைக் கோடாகியது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கம்பைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு, நல்லரத்தினம் எழுந்து நின்று, கரைக்கு முதுகைக் காட்டி, இங்கிலீசில் சொன்னார்.

சிறுபோகத்தில் அங்கே நெல் இல்லை. நாலு வருடமாக இல்லை. ஒரு மூட்டையும் இல்லை. வைகாசியில் உப்பு வருகிறது. பிறகு ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு என்பது இப்போது இல்லை, முன்பு. கதவு இல்லாவிட்டால் இனி ஒருபோதும் இல்லை.

நிலக்சி படிப்பித்த எல்லா "இல்லை"யையும் ஒரே மூச்சில் இறக்கி வைத்தார். ஒன்றிலும் பிழை இல்லை. சொல்லி முடித்ததும் குனிந்து வாவித் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தார்.

பொறியியலாளர் அவரையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். இதை ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்டார். நல்லரத்தினம் தோளுக்கு மேலால் கரையைக் காட்டி, "பெடி ஹியரிங், மேடம்" என்றார். நெல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, தன் தாத்தாவும் களத்தில் வேறு பாசைதான் பேசுவார், சிறு பிள்ளைகளாகிய தங்களை வாயைத் திறக்க விடமாட்டார் என்று இங்கிலீசில் மெதுவாகச் சொன்னார். ஆறாவது பெட்டியில் இருபத்தெட்டை வெட்டி சைபர் போட்டார். பக்கத்தில் நாலு வரி எழுதினார். திரும்பி வரும்போது கோப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே வரம்பால் நடந்து வாகனத்துக்குப் போனார்.

கரையில் இறங்கியதும் கச்சி முகம்மது, "ஒரு சைபர் போட என்னைய அரைவாசிக் கடலுக்குக் கொண்டு போயிட்டீங்களே" என்றார்.

"வாவி, முதலாளி."

"நனைஞ்சவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அடுத்த புரட்டாசியில் கதவு வந்தது. கொங்கிறீட் தூண்கள், இரும்புக் கதவு, சுற்றித் திறக்க ஒரு சில்லு. வதனி இரண்டு நாள் லீவில் வந்தாள். பையிலிருந்து சுத்தியல் போன்ற கருவி ஒன்றை எடுத்துத் தூண்களில் வரிசையாகக் குத்திக் குத்தி இலக்கம் பார்த்தாள். தகப்பன் பின்னால் நின்றார்.

"காய்ச்சல் கிடக்கா?"

"நல்லாயிருக்கு அப்பா. முப்பத்திரண்டு."

"இருபத்தெட்டு இல்லையா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் கருவியைத் துடைத்துப் பையில் வைத்தாள். வைத்துக்கொண்டே, "அப்பா, அந்த முதல் கடிதம்..." என்று தொடங்கினாள்.

"அது தபாலில துலைஞ்சது" என்றார் நல்லரத்தினம். சில்லைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எண்ணெய் விட வேணும் இதுக்கு."

மாரி முழுக்கக் கதவு திறந்து கிடந்து உப்பைக் கழுவியது. சித்திரையில் கீழ்முனையை விதைத்தார்கள். கொழும்புக்குப் போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வைகாசியில் வாவி உப்பானது. கதவைப் பூட்டியது நல்லரத்தினம். அதன் பிறகு தினமும் காலையில் போய், வாவிப் பக்கத்துத் தண்ணீரையும் வாய்க்கால் பக்கத்துத் தண்ணீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பளக்கும் கருவி ஒன்று வாங்கித் தருவதாக வதனி சொன்னாள். நாக்குக்குப் பற்றரி தேவையில்லை என்றார்.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். வசந்தாதேவி ஊற்றிக்கொண்டு வரும்போது கதிரையில் இருந்தபடியே போயிருந்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள். வேறு விவரம் இல்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்தும் வதனி கொழும்புக்குப் போகவில்லை. கம்பனிக்கு இன்னும் பத்து நாள் லீவு கேட்டு இங்கிலீசில் எழுதினாள். காரணம் என்ற பெட்டியில் எழுத வேண்டிய வசனம் சிறியதுதான். தகப்பன் வீட்டில், தகப்பன் மேசையில் இருந்து அதை எழுத அவளுக்குக் கை வரவில்லை. "அறுவடை" என்று எழுதி அனுப்பினாள். கட்டடக் கம்பனியிலிருந்து போன் எடுத்து, எங்கே என்ன அறுவடை என்று கேட்டார்கள். இலுப்பைமடுவில் என்றாள்.

கீழ்முனைக்கு மெசின் வந்தது. ஓட்டி வந்தவன் புதியவன், பொலன்னறுவைப் பக்கம். காலையில் தொடங்கி, வெயில் சாயும் நேரம் கடைசி வரம்பில் மெசினை நிறுத்தினான்.

"அவ்வளவுதான் அக்கா, முடிஞ்சு."

வதனி வரம்பால் நடந்து போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"தாகமில்ல அக்கா."

"குடிக்க இல்ல. இறங்கி வாயக் கொப்பளி."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். பதினொரு குடும்பமும் அங்கேதான் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. இறங்கிக் கொப்பளித்தான்.

கச்சி முகம்மது களத்தில் விரித்த படங்கில் குவிந்த நெல்லில் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, ஊதி, கடித்துப் பார்த்தார். விதானையார் இருந்திருந்தால் இந்த நேரம் பாதிச் சண்டை முடிந்திருக்கும். சண்டை பிடிக்க ஆளில்லாமல் சிறிது நேரம் நின்றார்.

"ஏக்கருக்கு எத்தின மூட்டை மகள்?"

வதனி காலையிலிருந்து ஒரு மூட்டையும் விடாமல் எண்ணியிருந்தாள். பழைய கொப்பியின் பின்பக்கத்தில், நண்டுக்கு அரை என்ற சிவப்பு எழுத்துக்கு எதிர்ப் பக்கத்தில், ஏக்கர் ஏக்கராக எழுதி, கூட்டி, பிரித்து, இரண்டு முறை சரிபார்த்தும் இருந்தாள்.

"பொலி மாமா" என்றாள்.

"அது சரி. மூட்டை எத்தின எண்டு கேட்டன்."

வதனி கொப்பியை மூடினாள்.

"வாங்க, தோணியில போய்ச் சொல்லுறன்."